குறுக்கே கிடந்தவன்

இதில் எவ்வளவு நான் கண்ணால் கண்டது, எவ்வளவு வெர்டி சொல்லிக் கேட்டது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பன்றி அடித்த அன்று நானும் ஆர்வில் டில்லரின் முற்றத்தில் நின்றேன், அது உறுதி. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. ஆனால் ஆர்வில் அந்தப் பேச்சை எடுத்தது பன்றியைச் சுடுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் தடுமாறுகிறேன். மேட்டில் நடந்தபோது நான் அங்கே இல்லவே இல்லை. இருந்தும் அந்தக் குழியின் மண் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். ஒரு கதையோடு நெடுங்காலம் இருந்துவிட்டால் இப்படி ஆகிவிடுகிறது. தவறாகச் சொன்னால் அது என் தவறு, வெர்டியுடையது அல்ல.

கென்டக்கி மலைக்குள் ஸ்டில்ஹவுஸ் ஓடையின் மேல்புறத்தில் டில்லர்கள் இருந்தார்கள். கீழ்ப்புறத்தில் டில்லர்ட்கள். கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வெளியூர்க்காரன் யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் மேல்புறத்தில் முகம் இறுகிவிடும்.

"நாங்க டில்லர். கொலைகாரப் பயலுங்கதான் டில்லர்ட். நல்லாக் கேட்டுக்க" என்பார்கள்.

கொலை நடந்து நூறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் பன்றிகள் காட்டில் மேயும். காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்துத்தான் யாருடையது என்று பிரிப்பார்கள். ஒரு பன்றியின் காதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவன் லெவி டில்லர். உள்நாட்டுப் போரில் ஒரு காலை விட்டுவிட்டுக் கட்டைக்காலோடு வந்தவன். இன்னொருவன் எப்ரெய்ம் டில்லர்ட். எப்ரெய்ம் பன்றி அடிக்கிற கோடரியைத் திருப்பிப் பிடித்து லெவியின் மண்டையில் போட்டான். அன்று மாலையே ஊர் கூடி எப்ரெய்மை ஓக் மரத்தில் தொங்கவிட்டது.

மேட்டுக் கல்லறையில் எல்லோரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். செத்தவர்களைக் கடவுள் எழுப்பும் நாளில் சூரியன் வரும் திசையைப் பார்த்து எழ வேண்டும் என்பதற்காக. எப்ரெய்மை மட்டும் வடக்குத் தெற்காகக் குறுக்கே போட்டார்கள். பழைய கல்லறைகளில் பெயர் கிடையாது, ஓடையில் எடுத்த முரட்டுக் கல் தலைமாட்டில் நிற்கும், அவ்வளவுதான். குறுக்கே கிடந்தவனுக்குப் பக்கத்தில் நேராகக் கிடந்தது லெவி. மே மாதம் பூ வைக்கும் ஞாயிறன்று டில்லர்கள் லெவியின் கல்லைக் கழுவி, காகிதப்பூ வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். போகும்போது குறுக்குக் கல்லில் துப்பிவிட்டுப் போவார்கள். கீழ்ப்புறத்துக்காரர்கள் வேலி ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுத்துச் சொல்ல அவர்களிடம் வேறு கதை இருக்கவில்லை. கொலை நடந்த வாரமே எப்ரெய்மின் பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டாள். அவள் பேரன் திரும்பி வந்தபோது கதை கெட்டிப்பட்டுவிட்டது. அந்தப் பேரனின் மகன்தான் எஸ்டில்.

ஆர்வில் டில்லரின் ஒரே மகன் டென்வர், நிலக்கரிச் சுரங்கத்தின் மேற்கூரை இறங்கிச் செத்துப்போனான். தோள்வரை நசுங்கியிருந்ததால் சவப்பெட்டியைத் திறக்கவில்லை. குறுக்கே கிடந்தவனுக்கு அந்தப் பக்கம் ஒரே ஓர் இடம் மீதி இருந்தது, அதில் அவனை வைத்தார்கள். அதற்கப்புறம் பாறை. இந்தப் பக்கம் குறுக்குக் கல்லறை, இரண்டு ஆள் படுக்கும் அகலத்தை ஒருவனே பிடித்துக்கொண்டு கிடந்தான். ஆர்விலுக்கும் நெஞ்சு நிறையக் கரித்தூசி. தன் நாள் தெரிந்தவன். மகன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு அந்த வருடம் வேறு நினைப்பே இல்லை.

அந்த ஆண்டு முதல் கடுங்குளிர் வந்ததும் அக்கம்பக்கத்தார் நாங்கள் சேர்ந்து ஆர்வில் வீட்டில் பன்றி அடித்தோம். டிரம்மைச் சாய்த்துப் புதைத்து, கீழே நெருப்புப் போட்டு, ராஸ்கோ கோம்ப்ஸ் தண்ணீரில் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

"கொதிக்க விடாதீங்கப்பா. மயிரு இறுகிக்கும், அப்புறம் நாளெல்லாம் சவரம் பண்ணிக்கிட்டு கெடக்கணும்."

ஆர்வில் பன்றியின் நெற்றியில் சுட்டான். அது முன்னங்கால்களை மடக்கி, ஏதோ யோசிப்பதுபோல் ஒரு நொடி நின்று சாய்ந்தது. அவன் மேலே விழுந்து தொண்டையில் கத்தியை இறக்கித் திருகினான். இரத்தம் பனியில் பாய்ந்து ஆவி கிளம்பியது. அவனுக்கு மூச்சு வாங்கியது. பன்றியின் மேலேயே கவிழ்ந்து கிடந்து இருமினான், இருவரில் யார் சாகிறார்கள் என்று தெரியாத மாதிரி. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் கத்தியோடு திரும்புவான்.

பிறகு முக்கி எடுத்து, ஆளுக்கொரு கத்தியோடு மயிரைச் சுரண்டினோம். பின்னங்கால் நரம்பைக் கிழித்துக் கம்பைச் செருகித் தூக்கி மாட்டினோம். வெர்டி தொட்டியைப் பிடித்துக்கொண்டு குடல் இறங்கக் காத்திருந்தாள். அவள் ஆர்விலின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஓய்வு கிடைத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வெர்டி, உன் செத்தவங்கள்ல ரெண்டு பேரைக் கூப்பிடேன். இங்க கை குறையுது" என்றான் ராஸ்கோ.

"கூப்பிட்டா உங்க தாத்தாதான் முதல்ல வருவாரு. உன்னைப் பத்தி அவர்கிட்ட சொல்ல எனக்கு நிறைய இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். ஆர்வில் சிரிக்கவில்லை. கத்தியைத் தொடையில் துடைத்தான்.

"சனிக்கிழமை மேட்டுல எனக்கு வேலை இருக்கு. குறுக்க கெடக்கிறவனை வெளிய எடுக்கப்போறேன்."

கத்திகளின் சத்தம் நின்றது.

"எடுத்து?" என்றான் ராஸ்கோ.

"ஓடையில போடறேன். நாய்க்குப் போடறேன். என் எடம் எனக்கு வேணும்."

"எஸ்டில் பாத்துக்கிட்டு இருப்பானா?"

"அவன் பாட்டன் எலும்புதானே, வந்து பொறுக்கிட்டுப் போகட்டும். நீங்க யாரும் வரவேணாம். நான் யாரையும் கூப்பிடல."

"ஆர்வில், கல்லறையைக் கிளறுறது..."

"நம்ம ஆளுக்குத்தான் நாம குழி வெட்டக்கூடாது. அந்நியன் குழியைத் தொட என்னடா தடை?"

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் சொந்த இரத்தத்துக்கு யாரும் குழி வெட்டமாட்டோம். மண்ணைக்கூடத் தொடமாட்டோம். தொட்டால் வருடம் திரும்புவதற்குள் தொட்டவன் வீட்டில் இன்னொரு சாவு விழும். ஆகவே சாவு என்றதும் சொந்தமில்லாத ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள், கேட்க வேண்டியதில்லை. பகையாளியும் வருவான். டென்வருக்குக் குழி வெட்டியவர்களில் எஸ்டிலும் ஒருவன். வந்தான், வெட்டினான், போனான்.

மதியம் வெர்டி ஈரலை வெங்காயத்தோடு வறுத்தாள். சோள ரொட்டி சுட்டாள். நாங்கள் தின்றுவிட்டுக் கிளம்பினோம். அண்ணனும் தங்கையும் கொழுப்பை உருக்க வெளியே இரும்புச் சட்டியை ஏற்றினார்கள். இனி வருவது வெர்டி சொன்னது.

அவள் துடுப்பால் கிண்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணே, அவசரப்படாத. நான் லெவியைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"அவர் எங்கயும் தொலையலயே. மேட்டுலதான் கெடக்கார்."

"அதில்லண்ணே. இத்தனை வருஷமா டில்லர்னு தேடுனேன். போருக்கு முன்னாடி இந்த மலையில டில்லர்னு ஒரு குடும்பமே இல்ல. ஒருத்தர் பேர்கூட இல்ல. எழுதுறவன் காதுல விழுந்ததை எழுதியிருப்பான்னு டிலர், டில்லார், டைலர்னு எல்லாம் பாத்தேன். போன மாசம் டில்லர்ட்ல பாத்தேன். இருக்கார். லெவி டில்லர்ட். இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல, இரும்புப் பூண் போட்ட கட்டைக்கால். பெண்டாட்டி மாலிண்டா. எப்ரெய்ம் அவருக்குக் கூடப்பொறந்த தம்பி."

ஆர்வில் விறகைத் தள்ளினான்.

"எழுதினவன் குடிச்சிருப்பான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா லெவி செத்தப்புறம் நெலத்தை மாலிண்டா பேருக்கு மாத்துறாங்க. அதே ஆளு, ஒரே வரியில, 'லெவி டில்லர்ட்டின் விதவை மாலிண்டா டில்லர்'னு எழுதியிருக்கான். காது கோளாறுன்னா ரெண்டையும் ஒரே மாதிரிதானே எழுதுவான்? அவ கேட்டு எழுத வச்சிருக்கா. அவதான் அந்தப் பேரை வெட்டிக்கிட்டா."

"புருஷனைக் கொன்னவன் பேரு வேணாம்னு வெட்டியிருப்பா. நல்லது பண்ணா."

"இருக்கலாம். ஆனா அது அவ புருஷன் பேரும்தானே? எப்படிப் பாத்தாலும் நாமளும் அவங்களும் ஒண்ணு. நீ தோண்டப்போறது நம்ம ரத்தத்தை."

அவன் எழுந்து வீட்டுக்குள் போனான். கோபம் தணிந்து தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். திரும்பி வந்தவன் கையில் அவளுடைய அட்டைப்பெட்டி இருந்தது. பதினாறு வயதிலிருந்து அவள் கையால் பார்த்து எழுதியது, ஊர் ஊராகக் கடிதம் போட்டு வாங்கியது எல்லாம் அதில் இருந்தது. கொழுப்புச் சட்டிக்கு அடியில் திணித்தான். அவள் பாய்ந்தாள். அவன் அவள் முடியைப் பிடித்து நெருப்புக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தி, தாள்கள் சுருண்டு எரியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குத்தான் எவனும் உன்னைக் கட்டிக்கல" என்றான்.

அவன் கையை எடுத்ததும் அவள் துடுப்பை எடுத்துக் கொழுப்பைக் கிண்டினாள். அடிப்பிடித்துவிட்டால் ஆண்டு முழுக்கக் கசக்கும்.

மறுநாள் முதுகுக் கறியில் நல்ல துண்டாக எடுத்து, துணியில் சுற்றி, கீழ்ப்புறத்துக்கு நடந்தாள். பன்றி அடித்தால் அக்கம்பக்கத்துக்குப் புதுக்கறி கொடுப்பது எல்லா வீட்டிலும் உண்டு. டில்லர் வீட்டிலிருந்து டில்லர்ட் வீட்டுக்கு அது ஒருபோதும் போனதில்லை. எஸ்டில் வாசலில் உட்கார்ந்து கோடரிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி ஓமா வசந்தத்தில் செத்ததிலிருந்து தனியாள். இரண்டு நாய்கள் எழுந்து வந்து துணியை மோந்தன.

"நாய்க்கு எங்கிட்ட தீனி இருக்கு, வெர்டி."

"உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன்."

"ஏன், வெஷமா?"

"வெஷம் வைக்கணும்னா இவ்வளவு நல்ல கறியில வைப்பேனா?"

அவன் உதட்டோரம் லேசாக இளகியது. உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள், இரண்டு குடும்பமும் ஒன்றென்று, பெயரை மாலிண்டா மாற்றிக்கொண்டதென்று.

"குறுக்க இருக்கறவரைக் கொஞ்சம் நேராப் போட்டா ரெண்டு பேருக்கும் எடம் வரும், எஸ்டில். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாலு பேரை வச்சு மரியாதையா பண்ணலாம். அவன் தனியாப் போனா எலும்பை வீசிடுவான்."

எஸ்டில் காம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தான்.

"நான் ஸ்கூலுக்குப் போன மொத நாளு உங்க அண்ணன் என்னைத் தரையில தள்ளி, வாயில மண்ணை அடைச்சான். ஏன்னு கேட்டேன். 'உன் பாட்டனைக் கேளு'ன்னான். வருஷா வருஷம் உங்க ஆளுங்க அந்தக் கல்லுல துப்புவீங்க. நான் சாயந்தரம் போய்க் கழுவிட்டு வருவேன். எங்கப்பா கழுவுனாரு, நான் கழுவுறேன். இப்ப நீ வந்து நாமெல்லாம் ஒண்ணுங்குற."

"ஒண்ணுதான்."

"அவர் தப்புப் பண்ணவர். தெரியும். ஆனா எங்களோட ஆளு. குறுக்கயோ நெடுக்கயோ, அங்கதான் கெடப்பாரு. உங்க அண்ணன் மண்ணுல கை வச்சா சுடுவேன். போய்ச் சொல்லு."

கறியை வாங்கிப் பிரித்தான். ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு நாய்களுக்கு நடுவில் எறிந்தான். அவை ஒன்றையொன்று கடித்துக் குதறின. அதில் ஒன்றின் காது கிழிந்து தொங்கியது. அவன் எழுந்து விலக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்து பனி இளகும் நேரம். மேட்டிலிருந்து பிக்காசு விழும் சத்தம் வெர்டிக்குக் கேட்டது. நாலு வெட்டு, பிறகு நெடுநேரம் சத்தமில்லை, இருமல், பிறகு மறுபடி நாலு வெட்டு. ஏறிப் போனாள். குறுக்குக் கல் பிடுங்கப்பட்டு டென்வரின் புது மேட்டின்மேல் கிடந்தது. ஆர்வில் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தான். மேலே கறுப்பு மண், கீழே மஞ்சள் களி. வாயோரம் கறுப்பு எச்சில்.

"அண்ணே, வெளிய வா. அவன் நிஜமா வருவான்."

"வரட்டும்."

வந்தான். மரங்களுக்கு நடுவே இரட்டைக்குழல் துப்பாக்கியோடு, அவசரமில்லாமல் ஏறி வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான்.

"ஏறு வெளிய, ஆர்வில்."

"எங்கடா இருந்த இவ்வளவு நேரம்? உன் பாட்டனுக்கு நான் சவரம் பண்ணி முடிச்சிருப்பேனே."

"உன் மகனுக்குக் குழி வெட்டினவன்டா நான். அந்த நன்றிக்காவது ஏறு."

"அவன் பேரை நீ எடுக்காத!"

ஆர்வில் மண்வெட்டியை இறக்கி அள்ளி, எஸ்டிலின் கால்மாட்டில் எறிந்தான். களிமண்ணோடு சில பழுப்புத் துண்டுகள் விழுந்தன. வேரா எலும்பா என்று தெரியவில்லை. கூடவே கனமாக ஒன்று கல்லில் பட்டு ஒலித்தது. உருண்டு வெர்டியின் காலருகில் நின்றது.

கைக்குள் அடங்குகிற இரும்புப் பூண். ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது, நடந்து நடந்து தேய்வதுபோல. உள்ளே மக்கிய கட்டையின் துணுக்கு. அதோடு ஒட்டி, பச்சைப் பிடித்த பித்தளைக் கொக்கி, வார் மாட்டுவது.

வெர்டி குனிந்து எடுத்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. மாலிண்டா ஏன் பெயரை வெட்டினாள் என்பது. பிள்ளைகளைக் கூட்டிவந்து எந்தக் கல்லைக் காட்டி, 'அதுதான் உங்கப்பா' என்று அழுதிருப்பாள் என்பது. பேசாமலிருந்தால் அண்ணன் இன்னும் அள்ளி வீசுவான், எஸ்டில் சுடுவான். பேசினால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, நிறுத்து. கீழ இருக்கறது எப்ரெய்ம் இல்ல."

"பின்ன எவன்?"

"கட்டைக்கால் யாருக்கு இருந்துச்சு? லெவிதான் குறுக்க கெடக்கார். லெவிதான் கொன்னிருக்கார். தொங்கவிட்டது அவரைத்தான். நாம பூ வச்சதெல்லாம் எப்ரெய்முக்கு. துப்புனது..."

அவன் குழிக்குள்ளிருந்தே மண்வெட்டிக் காம்பை வீசினான். அது அவள் வாயில் பட்டது. இரண்டு பற்கள் பெயர்ந்து நாக்கில் கிடந்தன. விழுந்தவள் பூணை விடவில்லை.

எஸ்டில் வந்து அவள் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தான். முதலில் மூச்சுவிடுவது போலத்தான் இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஓடையில் அவன் சிரித்து யாரும் கேட்டதில்லை. கண்ணீர் வழிய, துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தான்.

"கழுவுனேனேடா... ஐயோ, உங்க ஆளை நான்ல வருஷா வருஷம் கழுவியிருக்கேன்!"

ஆர்வில் எப்படி வெளியே ஏறினான் என்று வெர்டிக்குத் தெரியவில்லை. நெஞ்சில் காற்று இல்லாத மனிதன். பிக்காசைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினான். எஸ்டிலின் தோளை உரசிக்கொண்டு அது இறங்கியது. சட்டையும் சதையும் கிழிந்தன. இரண்டாம் முறை தூக்கும்போது எஸ்டில் துப்பாக்கியை நிமிர்த்தினான். ஒரு குழல்தான் வெடித்தது. ஆர்விலின் இடுப்பில் பட்டது. அவன் பின்னால் நகர்ந்து நகர்ந்து, தான் வெட்டிய குழிக்குள்ளேயே விழுந்தான்.

எங்கோ கீழே ஒரு மாடு கத்தியது. குழிக்குள் ஆர்வில் மல்லாந்து கிடந்தான். கால்சட்டை கறுத்துக்கொண்டே வந்தது. எஸ்டில் விளிம்பில் நின்று பார்த்தான்.

"உன் சொந்த ஆளு குழியை நீயே வெட்டியிருக்க ஆர்வில். நான் சுடலன்னாலும் நீ போயிருப்ப."

ஆர்வில் வாயைத் திறந்து மூடினான். மறுபடி திறந்தபோது குரல் மெதுவாக, தெளிவாக வந்தது.

"நீயுந்தான்டா. அவ சொல்றது நெசம்னா நாம ஒரே ரத்தம். டென்வருக்கு வெட்டுன இல்ல நீ? மார்கழியில வெட்டுன. ஓமா எப்பச் செத்தா?"

எஸ்டிலின் முகத்தைப் பிறகு யாராவது வர்ணிக்கச் சொன்னால் வெர்டி தலையை ஆட்டிவிடுவாள். துப்பாக்கி அவன் கையிலிருந்து நழுவியது. லெவியுடையது என்று டில்லர்கள் நூறு வருடமாகக் கழுவிவந்த கல்லின்மேல் உட்கார்ந்தான். ஓமாவின் பெயரை ஒருமுறை சொன்னான். யாரையும் பார்த்து இல்லை.

கடைசியில் எழுந்து, குழிக்குள் இறங்கி, ஆர்விலைத் தோளில் தூக்கி வெளியே போட்டது அவன்தான். பன்றியை இழுக்கும் பலகையை வெர்டி கொண்டுவந்தாள். அதில் இன்னும் மயிரும் உறைந்த கொழுப்பும் ஒட்டியிருந்தன. அதில் கிடத்தி இரண்டு பேருமாக இழுத்து இறக்கினார்கள். வழியில் வெர்டி இரத்தத்தைத் துப்பிக்கொண்டே வந்தாள்.

மாவட்டக் காவல் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார்.

"முயல் சுடப் போனேன். வழுக்கிருச்சு" என்றான் ஆர்வில்.

"எஸ்டில் தோளுல என்ன காயம்?"

"அவனைக் கேளுங்க. விறகு வெட்டினானோ என்னவோ."

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்வில் படுக்கையில் கிடந்தான். இடுப்புக் காயம் ஆறவில்லை, நெஞ்சும் அடைத்துக்கொண்டே வந்தது. வெர்டி அவனுக்குக் கறிச்சாறு ஊட்டினாள். பல் போன வாயால் அவளாலும் அதைத்தான் குடிக்க முடிந்தது. தை முடியும் சமயம் ஒரு மதியம், அவன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"என்னை எங்க வைப்ப?"

"டென்வர்கிட்ட."

"அவர்?"

"நேராப் போடச் சொல்றேன்."

"கிழக்கப் பாக்கவா?"

"ஆமா. நூறு வருஷம் போதும்ணே."

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"எஸ்டிலை வெட்ட விடாத. அவன் தொடக்கூடாது" என்றான். பகையில் சொன்னானா அக்கறையில் சொன்னானா என்று வெர்டிக்கு இன்றுவரை தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

அந்த வாரமே போய்விட்டான். நானும் ராஸ்கோவும், செத்துப்போன அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தார் இருவரும் மண்வெட்டியோடு ஏறினோம். முதலில் லெவியுடையது என்று கிடைத்ததையெல்லாம் ஒரு போர்வையில் சேர்த்து, இரும்புப் பூணையும் வைத்து, கிழக்கே கால் நீட்டி எப்ரெய்மின் பக்கத்தில் நெருக்கமாகப் புதைத்தோம். பிறகு டென்வர் பக்கத்தில் ஆர்விலுக்கு வெட்டத் தொடங்கினோம். மண் இரும்பு மாதிரி இறுகியிருந்தது.

பாதி வெட்டும்போது எஸ்டில் ஏறி வந்தான். ஓடையின் எந்தச் சாவுக்கும் அவன் மண்வெட்டி இல்லாமல் வந்ததில்லை. அன்று வெறுங்கையோடு வந்தான். ராஸ்கோ பழக்கத்தில் தன் மண்வெட்டியை நீட்டினான். எஸ்டில் அதைப் பார்த்தான், வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துபோய், வேலிக்கு உள்ளே, பெண்களும் சொந்தக்காரர்களும் நிற்கிற வரிசையில், வெர்டிக்குப் பக்கத்தில் நின்றான். வெர்டி அவன் பக்கம் திரும்பவில்லை, நிற்க இடம் விட்டுச் சற்று நகர்ந்தாள். நாங்கள் குனிந்துகொண்டு வெட்டினோம்.

ஆர்வில் மகன் பக்கத்தில் கிடக்கிறான். கல்லில் என்ன பெயர் போடுவது என்று கல் செதுக்குபவர் கேட்டபோது, 'ஆர்வில்' போதும் என்று வெர்டி சொல்லிவிட்டாள். எஸ்டில் அதன்பின் ஐந்தாறு வருடம் இருந்தான், சோளக்காட்டில் விழுந்து செத்தான். அவனுக்கும் நாங்கள்தான் வெட்டினோம். ராஸ்கோ ஒஹாயோவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே தங்கிவிட்டான். மேல்புறத்து டில்லர்களில் பலர் அந்த இரும்புப் பூண் கதையை நம்பவில்லை. பூ வைக்கும் ஞாயிறுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வெர்டி பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். நீதிமன்றத்துக்கு மறுபடி போகவில்லை. அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பன்றி வளர்ப்பதில்லை.